நூற்றிருபது அடி

கயிற்றுக் கொட்டகையில் அவனைப் பின்நடை என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு, விரல்களால் அதை இழையாக விட்டபடி பின்பக்கமாகவே நடப்பது அவன் வேலை. இழையின் மறுமுனை ராட்டையின் கொக்கியில் மாட்டியிருக்கும். ராட்டை சுற்றச் சுற்ற இழை முறுக்கேறும். கொட்டகையின் நீளம் நூற்றிருபது அடி. இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்கிறான். திரும்பிப் பார்ப்பதில்லை. கொட்டகைக்குள் நுழைந்துவிட்ட நாய்கூட அவன் முதுகைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளும்.

அதில் இருபத்து நான்கு வருடம் ராட்டை சுற்றியவள் அவன் மனைவி.

பத்து அடிக்கு ஒரு பாட்டு. நடப்பவன் இரண்டு வரி பாடுவான். ராட்டையில் நிற்பவர் இரண்டு வரியில் பதில் பாட வேண்டும். இரண்டு பக்கமும் வேகம் ஒத்துப்போக அது ஒன்றுதான் வழி. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எல்லோருக்கும் பொது. நடுவில் வரும் பத்தும் அவரவர் கட்டிக்கொள்வது. அன்றைக்கு மனதில் என்ன இருக்கிறதோ அது. குழந்தையின் காய்ச்சல், மாமியாரின் முணுமுணுப்பு, முந்தின நாள் கோபம், சில நாள் வெட்கமில்லாத ஆசையும். நடையில் பாடியதை வைத்து யாரும் சண்டை போடக் கூடாது. வெளியே கொண்டுபோய்ப் பேசவும் கூடாது. அது கொட்டகை வழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ராட்டைக்கு மோட்டார் வந்தது. யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆர்டர் கூடி, இன்னும் ஆறு பேரைச் சேர்த்தார்கள். அவளைச் சுருள் கட்டும் அறைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுடைய தோள் வலி போயிற்று. மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றியது. அதற்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவும் அக்கா புருஷனும் அங்கே ஒரு தங்கும் விடுதி நடத்தினார்கள். அக்காவுக்கு இடுப்பு வலி, கூடமாட ஆள் வேண்டுமாம் என்றாள். பின்நடை சரி என்றான். பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டான்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்தான் ஒருநாள் ஃபோனில் கேட்டாள்.

"அப்பா, நீங்க போய் அம்மாவைக் கூப்பிடலையா?"

"இடுப்பு வலி சரியானதும் வந்துடுவா."

"யாருக்கு இடுப்பு வலி? பெரியம்மா நேத்து கட்டிலைத் தனியா நகர்த்தினாங்களாம்."

அம்மா இனி வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றாள் மகள். அம்மாவே அப்படிச் சொன்னாளா என்று அவன் கேட்டான். சொல்லவில்லை, ஆனால் குளிர்காலத் துணியெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

அதற்குப் பிறகும் அவன் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கொட்டகையில் நார் சீவுகிறவன் வாயாடி. பின்நடையைவிடப் பத்து வயது இளையவன். அந்தக் கடற்கரை ஊரில் மூன்று நாள் நாட்டுப்புற இசை விழா நடக்கப்போகிறது என்றும், வேலை செய்யும்போது பாடுகிற பாட்டுகளைத் தேடுகிறார்கள் என்றும் எங்கோ படித்திருந்தான். யாரையும் கேட்காமல் கொட்டகையின் பெயரைக் கொடுத்துவிட்டான். பதில் வந்த பிறகுதான் பின்நடையிடம் சொன்னான்.

"கூப்பிடப் போறேன்னு கிளம்பினா நீங்க போக மாட்டீங்கண்ணே. பாடப் போறேன்னு கிளம்புங்க."

முதலாளி மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார். பரணில் கிடந்த கைராட்டையை இறக்கி எண்ணெய் விட்டார்கள். அவள் பகுதியைச் சீவுகாரன் பாடுவது என்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு நேரமில்லை. இருபத்து நான்கு வருடம் பாடியதற்கு ஒத்திகை எதற்கு என்றான் சீவுகாரன்.

பேருந்து நிறுத்தத்தில் சகலை காத்திருந்தார். கழுத்தில் விழா அட்டை தொங்கியது. விழாவுக்கு நாற்காலி போடும் பொறுப்பு அவருடையது. நானூறு நாற்காலி.

"வாங்க சகலை. இளைச்சுட்டீங்களே. சமையல் நீங்கதானா? அது முகத்துலயே தெரியுது."

விடுதி வரை அவரே பேசிக்கொண்டு வந்தார். மணலில் நாற்காலியின் கால் எவ்வளவு இறங்கும் என்பது உட்காருகிறவரைப் பொறுத்தது என்றார். நேற்றுப் பறை அடிக்க வந்த ஒருவர் உட்கார்ந்த நாற்காலியை இருவர் சேர்ந்து பிடுங்க வேண்டியிருந்தது என்றார். விடுதியில் பதினோரு அறை, பதினொன்றும் நிரம்பிவிட்டது. தாழ்வாரத்தில் குழல், மாடிப்படியில் மேளம். குளியலறைக்குள் யாரோ நெடுநேரமாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வெளியே துண்டோடு மூன்று பேர் நின்றார்கள். பின்நடைக்கும் சீவுகாரனுக்கும் துணி அடுக்கும் அறையில் இடம் கிடைத்தது. மூன்று பக்கமும் விரிப்புகள், உறைகள், துண்டுகள். எல்லாவற்றிலும் அவள் மடிப்பு. ஓரத்தை உள்ளே தள்ளி, மேலே ஒருமுறை கையால் இழுத்துவிடுகிற மடிப்பு.

அவள் கொல்லையில் விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்று பலமாக இருந்தது. ஒவ்வொரு விரிப்புக்கும் ஆறு கவ்வி போட்டாள்.

"வந்தாச்சா?"

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவள் அக்கா ரொட்டியும் இரண்டு முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். "ஆச்சுன்னு சொன்னவருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவன் சமையலறைக்குப் போனான். பாட்டு மாலை நான்கு மணிக்கு. அவளும் அக்காவும் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாளி கிழங்கு. அவன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இடுப்பு வலிக்குது. போய்க் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்."

அக்கா உட்கார்ந்திருந்த முக்காலியில் அவன் உட்கார்ந்தான். கத்தியை எடுத்து ஒரு கிழங்கைச் சீவினான். நாரில் பழகிய விரல்கள். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. ஐந்து கிழங்கு ஆயிற்று.

கூரை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். அப்படியே இருக்கிறது என்றான். மகள் பேசினாளா என்று கேட்டாள். பேசினாள் என்றான். அவள் கையில் இருந்த கிழங்கை வாளியில் போட்டாள்.

"ரெண்டு வருஷத்துல நீங்க எங்கிட்ட சொன்னது என்ன தெரியுமா? உப்பு கம்மி. தாழ்ப்பாள் போட்டியா. நாளைக்கு மழை வரும். நான் எண்ணல. எண்ணுற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

"நான் எப்பவும் அப்படித்தானே."

"இல்ல. நூத்திருபது அடி தள்ளி நின்னப்ப நிறையப் பேசினீங்க."

"அது பாட்டு."

"எனக்கு அதுதான் குடும்பம்."

வெளியே சகலை யாருக்கோ நாற்காலி கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் தலையால் காட்டினாள்.

"அத்தான் காலையில ஆரம்பிச்சா படுக்கிற வரைக்கும் நிறுத்துறதில்ல. முக்கால்வாசி வெட்டிப் பேச்சு. ஆனா ஒரு வீட்டுல மனுஷங்க இருக்காங்கன்னு காதுக்குத் தெரியுது." பிறகு அவள் கேட்டாள். "எதுக்கு வந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். கால் பெருவிரல் தரையை அழுத்தியது.

"பாட வந்தேன்."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"சரி. பாடுங்க."

மேடை கடற்கரை மணலில், கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தது. உயரம் மூன்றடி, அகலம் இருபத்து நான்கு அடி. படகு இழுக்கிறவர்கள் எட்டுப் பேர் பாடி முடித்து இறங்கினார்கள். அடுத்ததாகக் கயிறு திரிப்பவர்கள் என்று அறிவித்தார்கள். சீவுகாரன் ராட்டையை மேடையின் இடது ஓரத்தில் வைத்தான். பின்நடை நாரை இடுப்பில் சுற்றி, நுனியைக் கொக்கியில் மாட்டினான். ஒலிவாங்கியை அவன் வாய்க்கு நேராக வைத்தார்கள். அதன் முன்னால் நின்று பாட வேண்டும் என்றார்கள்.

அவன் நின்றான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

நின்றுகொண்டு அவன் ஒருநாளும் பாடியதில்லை. இருபத்தாறு வருடத்தில் கொட்டகையில் யாருக்கும் இது தெரியவந்ததில்லை, அவனுக்குமே. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். சீவுகாரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, போறேன் போறேன்" என்று எடுத்துக்கொடுத்தான். அப்படியும் வரவில்லை. பிறகு அவன் வலது கால் தானாகப் பின்னால் போயிற்று. கூடவே குரலும் வந்தது.

"போறேன் போறேன் பின்னாலே
பார்த்துச் சுத்து ராட்டையை"

குரல் பெரியது. ஒலிவாங்கியை விட்டு விலகியும் கடைசி வரிசை வரை கேட்டது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சீவுகாரன் பதில் பாடினான். பின்நடை இரண்டாவது பாட்டைத் தொடங்கி, கண்ணை இழையில் வைத்து, கொட்டகையில் நடப்பது போலவே பின்னால் நடந்தான். இருபத்து நான்கு அடி முடிந்தது. அவன் நடந்தான்.

மேடைக்கு அந்தப் பக்கம் மேள உறைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அதன் மேல் விழுந்தான். இழை மட்டும் கையில் இருந்தது. கூட்டம் முதலில் எழுந்தது, அவன் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

விழாவை நடத்துகிற அம்மாள் கையில் பட்டியலோடு ஓடிவந்தார். அடிபட்டதா என்று விசாரித்தார். பரவாயில்லை, மிக நன்றாக இருந்தது, இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றார். அடுத்தவர்கள் தயாராக இருக்கிறார்கள் என்றார்.

பின்நடை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"முடியலம்மா."

"வலிக்குதா?"

"பாட்டு முடியல. இன்னும் பத்து பாட்டு இருக்கு. இழையைப் பாதியில விட்டா பிரிஞ்சுபோகும். எனக்கு நடக்க இடம் வேணும். நூத்திருபது அடி."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அவன் இவ்வளவு பேசியதில்லை. அம்மாள் பட்டியலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். இதற்குள் சகலை வந்துவிட்டார். கடற்சுவர் ஓரமாகச் சிமெண்டு நடைபாதை இருக்கிறது, கால் மைல் நீளம், ஒரு வளைவு கிடையாது என்றார். அம்மாள் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்தார்.

"எல்லாரும் ஓரமா வாங்க. நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க. இங்க ஒரு மனுஷன் பின்னாடி நடக்கப் போறார். நடுவுல நின்னா மிதிபடுவீங்க. நான் பொறுப்பில்ல."

நானூறு பேரில் பாதிப்பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீதிப்பேர் சுவரில் உட்கார்ந்தார்கள். சீவுகாரன் ராட்டையை நடைபாதையில் நிறுத்தி அடியில் கல் வைத்தான். பின்நடை புதிதாக நுனி மாட்டி முதல் பாட்டிலிருந்து தொடங்கினான்.

இந்தமுறை கால் சரியாக இருந்தது, ராட்டைதான் சரியாக இல்லை. சீவுகாரனுக்குச் சீவத்தான் தெரியும். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து வேகமாகச் சுற்றினான். பின்நடை கட்டிய பாட்டுக்குப் பதில் கட்டத் தெரியாமல், "சுத்துறேன் சுத்துறேன்" என்றே ஒவ்வொரு தடவையும் பாடினான். முறுக்கு மிஞ்சியது. இழை ஆங்காங்கே சுருண்டு சின்னச் சின்ன முடிச்சாக எழும்பியது.

விழாவில் வேலை செய்கிறவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்திருந்தாள் அவள். தட்டோடு சுவர் ஓரமாக நின்றிருந்தாள். முதல் சுருளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். இரண்டாவதைப் பார்த்ததும் ஒரு அடி வைத்தாள். மூன்றாவது எழும்பியபோது தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு ராட்டையிடம் போனாள்.

"தள்ளு."

"அண்ணி, நீங்க..."

"இழை சாகுது. தள்ளு."

அவள் கைப்பிடியைப் பிடித்து, அரைச் சுற்று பின்னால் விட்டாள். சுருள்கள் அவிழ்ந்தன. பிறகு முன்னால் சுற்றினாள். முப்பது அடிக்கு அப்பால் பின்நடையின் விரலுக்கு அது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தான். நடந்தான்.

"கூரை ஓட்டில் ஓட்டை ரெண்டு
குடத்தை வெச்சேன் சொட்டுது"

ராட்டை ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஓட்டைக்குக் குடத்தை வெச்ச ஆளு
ஓடு மாத்தக் கூடாதா"

சுவரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்நடைக்கு அந்தச் சிரிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஐம்பது அடி.

"மாத்தத்தானே ஏணி வெச்சேன்
பிடிச்சுக்கொள்ள ஆளில்ல"

"பிடிச்சுக்கொள்ள ஆள் வேணும்னா
வாயைத் திறந்து கேக்கணும்"

"கேளுய்யா" என்றார் நாற்காலியிலிருந்து ஒரு பெண். பக்கத்தில் இருந்தவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அடக்கினார். எழுபது அடி தாண்டியது. காற்று கடலிலிருந்து குறுக்காக வீசியது. அவன் குரலை உயர்த்தினான்.

"ரெண்டு தட்டு எடுத்து வெச்சு
ஒண்ணைத் திரும்ப வைக்கிறேன்"

பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் நடப்பவன் நிற்க வேண்டும், இழையைத் தொய்ய விடாமல். அவன் நின்றான். ராட்டை மட்டும் சுற்றியது. யாரும் சிரிக்கவில்லை. சீவுகாரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். முறுக்கு இதற்கு மேல் தாங்காது என்ற இடத்தில் அவள் பாடினாள்.

"தட்டை எண்ணத் தெரிஞ்ச ஆளு
என்னைக் கேக்கத் தெரியலையே"

அடுத்த பத்து அடியை அவன் பாட்டில்லாமலே நடந்தான். வழக்கத்தில் அப்படி இல்லை. அதற்கடுத்து வந்த அடிகளையும் அப்படியே நடந்தான். நூற்றிருபதைத் தொடும்போது எல்லோருக்கும் பொதுவான கடைசிப் பாட்டைப் பாடினான்.

"கோடி வந்து சேர்ந்துபுட்டேன்
கையை எடு ராட்டையிலே"

"கையை எடுத்து நிக்கிறேன்
நேரா நடந்து வந்து சேரு"

அவள் கையை எடுத்தாள். கூட்டம் கை தட்டியது. வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. சீவுகாரன் ஓடிப்போய் இழையின் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். பின்நடை முனையைக் கையில் இறுக்கிப் பிடித்து முன்பக்கமாக நடந்து ராட்டைக்கு வர வேண்டும். அப்போதுதான் இழை இரட்டித்துப் புரியாகும். வரும்போது பாட்டுக் கிடையாது. கையில் இருக்கும் இழுவையை மட்டும் கவனிக்க வேண்டும். இருபத்து நான்கு வருடமும் அவளைப் பார்த்தபடி அந்த நூற்றிருபது அடியை அவன் வாய் திறக்காமல்தான் நடந்து வந்திருக்கிறான்.

சீவுகாரனைத் தாண்டியதும் அவன் பேச ஆரம்பித்தான். பாட்டாக இல்லை. வெறும் பேச்சு.

"மோட்டார் வந்த அன்னைக்கு நான் நாலு தடவை பாடினேன். அது பதில் சொல்லல. அதோட விட்டுட்டேன்."

"அண்ணே, இழுவை" என்றான் சீவுகாரன் பின்னாலிருந்து.

"இருக்கட்டும். நடையில சொன்னதை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு பழகிட்டேன். வீட்டுல சொல்றதுக்கு வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல. எனக்கு அது புரியல. நீ பஸ் ஏறினப்பவும் புரியல. உன் தோள் வலி போச்சேன்னு சந்தோஷப்பட்டேன். அதை உங்கிட்ட சொன்னேனா? சொல்லல. சொன்ன மாதிரியே இருந்துட்டேன்."

இழை தொய்ந்து தரையில் உரசியது. அவன் கவனிக்கவில்லை. ராட்டைக்கு வந்து சேர்ந்தான். இருவருக்கும் நடுவில் கொக்கி மட்டும் இருந்தது. அப்போதும் அவன் குரல் இறங்கவில்லை.

"வீட்டுக்கு வர்றியா?"

நடைபாதை முழுக்கக் கேட்டது. "வர்றோம்" என்றார் சுவரிலிருந்து ஒருவர். சகலை அவரை முறைத்தார்.

"ஏன் கத்துறீங்க?" என்றாள் அவள். "பக்கத்துலதானே நிக்கிறேன்."

அவன் கொக்கியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மூச்சு வாங்கியது. மறுபடி கேட்டான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் அவன் கையிலிருந்து முனையை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். கைப்பிடியை எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றினாள். இரண்டு இழையும் தரையை விட்டு எழும்பி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு புரியாயின. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஓ என்றது. முடிச்சு ஏதும் விழுந்திருக்கிறதா என்று அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"வியாழக்கிழமைதான் எல்லாரும் அறையைக் காலி பண்றாங்க. பதினோரு அறை விரிப்பையும் துவைச்சுக் குடுத்துட்டுத்தான் நான் கிளம்ப முடியும்" என்றாள். "அதுவரைக்கும் இருங்க. பிழியிறதுக்கு ஆள் வேணும். தினமும் பேசுங்க. வியாழக்கிழமை பஸ்ல ஒரு சீட்டா ரெண்டு சீட்டான்னு அப்ப சொல்றேன்."

"முதலாளி மூணு நாள்தான் விட்டார்."

"அதை அவர்கிட்ட பேசுங்க. பேசத் தெரியுதே."

சீவுகாரன் கட்டையோடு வந்து நின்றான். முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றான். மேடையில் அடுத்தவர்கள் மேளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். கூட்டம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. சகலை பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனார். அவள் சுவர்மேல் இருந்த தட்டை எடுத்து, ஆறிப்போன தேநீரில் ஒன்றை அவனிடம் நீட்டினாள். ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்தாள்.

"என்ன பேச?" என்றான்.

"எதையாவது."

அவன் உட்காரவில்லை. அவளுக்கு எதிரே நின்றுகொண்டு யோசித்தான். பிறகு, காலை அசைக்காமல், நின்ற இடத்திலேயே ஆரம்பித்தான்.